அமெரிக்கன் பேனாட் சொன்ன பேர்

பேனாட் மாஸ்டர் அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. விமானம் ஏறியதே வாழ்க்கையில் ஒரு தடவைதான், 1985இல், கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்கு. ஆனால் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்துத் தமிழ்ச் சனத்திடம் பேனாட் என்று சொல்லிப் பாருங்கள். "எந்தப் பேனாட்? அமெரிக்கன் பேனாட்டோ? ஐயோ, மனுசனிட்ட மாட்டினா விடாது" என்று நாலு வீட்டிலும் ஒரே பதில் வரும்.

ஊரில் ஆங்கில வாத்தியார். இங்கே துப்புரவுத் தொழிலாளி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜேர்மன்காரருக்குத் தங்களைப் பற்றிப் பாடம் எடுக்க அமெரிக்கர்கள் ஒரு நூலகம் திறந்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அதை மூடினார்கள். பாடம் முடிந்துவிட்டது போல. கட்டடத்தைக் கூட்டித் துடைத்துக் கொடுக்கப் போன ஆட்களில் மாஸ்டரும் ஒருவர். புத்தகங்கள் குப்பைத் தொட்டியில் கிடந்தன. "எடுக்கலாமோ?" என்று மேற்பார்வையாளனைக் கேட்டிருக்கிறார். "எடு, எனக்குப் பாரம் குறையும்" என்றிருக்கிறான். நாலு நடை ரயிலில் சுமந்தார். 1945க்கும் 1960க்கும் இடைப்பட்ட அமெரிக்கா முழுவதும் இப்படித்தான் வுப்பர்டாலின் பார்மன் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி ஒற்றை அறைக்குக் குடிவந்தது. மாஸ்டருக்குக் கல்யாணம் இல்லை. கட்டிலின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அமெரிக்கா.

படித்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். கல்யாண வீட்டில் பொரித்த ரோல்ஸைக் கையில் எடுத்தால் தொடங்குவார். முதலில் கழுத்துப்பட்டியை நீவுவார். பிறகு மூக்கால் ஒரு சின்ன உறிஞ்சல். பிறகு "நௌ!"

"நௌ! போர் முடிஞ்ச கையோட அமெரிக்கன் என்ன செய்தவன் தெரியுமோ? வீடு கட்டினவன். வெளியில நிண்டு பாத்தா எது தன்ர வீடெண்டு அவனுக்கே தெரியாது. ஒரே கதவு, ஒரே புல்லு, ஒரே ஃபிரிட்ஜ். பக்கத்து வீட்டுக்காரன் பெரிய ஃபிரிட்ஜ் வாங்கினா, இவன்ர மனுசி அண்டைக்குச் சமைக்கமாட்டா."

"மாஸ்டர், உது அமெரிக்காவோ, எங்கட பார்மனோ?" என்பார் யாராவது. ஏனென்றால் கறுப்புத் தோல் சோபா, கண்ணாடி அலுமாரி, அதற்குள் பிரிக்காத கோப்பைச் செட் என்று எங்கள் வீடுகளும் ஒரே அச்சுத்தான்.

"சிரியுங்கோ. அந்த வீடுகளைக் கறுப்பு ஆக்களுக்கு விக்கமாட்டினம். அவன் யூனிபோமோட இந்த நாட்டுக்கு வந்து சண்டை பிடிச்சவன். திரும்பிப் போனா, உனக்கு இந்தத் தெருவில வீடில்லை எண்டு சொல்லிப்போட்டினம். நாங்களும் எங்கட ஊரில ஆரை வீட்டுக்குள்ள விட்டனாங்கள், ஆரை வாசலில நிப்பாட்டினனாங்கள்?"

இந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். புஸ்பவதி அன்ரி தட்டை நீட்டுவா. "மாஸ்டர், ரோல்ஸ் ஆறுது. எடுங்கோ."

அவருடைய உச்சக்கட்டம் விசாரணைக் கதை. ஐம்பதுகளில் அமெரிக்காவில் ஆள் ஆளாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வாத்தியார், நடிகன், தபால்காரன், ஆரும் தப்பவில்லை. நீ கம்யூனிஸ்டா, உன் கூட்டாளி கம்யூனிஸ்டா?

"நீ ஆர் எண்டது கடைசிக் கேள்வி இல்லை, தம்பி. கூட்டத்துக்கு வேற ஆர் ஆர் வந்தவை எண்டதுதான் கடைசிக் கேள்வி. பேர் எல்லாம் அவங்களிட்ட முந்தியே இருக்கும். பட்டியல் மேசையில கிடக்கும். எண்டாலும் உன்ர வாயால வரவேணும். பேர் சொன்னவன் திங்கக்கிழமை வேலைக்குப் போனான். சொல்லாதவன் தும்புத்தடி பிடிச்சுத் தெருக் கூட்டினான். நான் எண்டா தும்புத்தடிதான் பிடிச்சிருப்பன்."

"இப்பவும் உதைத்தானே மாஸ்டர் பிடிக்கிறியள்" என்று நான் ஒருநாள் சொன்னேன். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

2006ஆம் வருடம் மாஸ்டருக்கு ஒரே ஒரு காரியம்தான் ஆகவேண்டியிருந்தது. அவருடைய ஒரே தங்கை றோசம்மா கிளிநொச்சிப் பக்கம் தனியாக இருந்தா. ஊர் திரும்பவும் சண்டைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. அவவைக் கொழும்பில் ஒரு மடத்தில் கொண்டுபோய் விட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில் இருந்தது, வெளியே வர அவர்கள் கொடுக்கும் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க, வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் போனால் கெதியில் ஆகும். வுப்பர்டாலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கக்கூடியவர் ஒரே ஆள், எங்கள் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர் பாலச்சந்திரன். என் அம்மாவின் தம்பி. எனக்கு மாமா.

மாஸ்டர் மார்ச்சில் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா அதை மேசை லாச்சிக்குள் வைத்தார். "பாப்பம்."

அந்த வருடச் சங்க ஆண்டு விழாவில் நாடகம் போட மாஸ்டரைக் கேட்டார்கள். வழமையாக ராசா நாடகம் போடுகிறவர் நாரி நோவென்று படுத்துவிட்டார். மாஸ்டர் இரண்டு வாரத்தில் விசாரணை நாடகத்தைத் தமிழில் எழுதி முடித்தார். கெட்டித்தனத்தால் அல்ல, பதினொரு வருடமாக வாய்க்குள் கிடந்த சாமான் அது. மாமா மேலோட்டமாகப் பார்த்தார்.

"அமெரிக்கனைத் திட்டுறதோ?"

"ஓம்."

"திட்டும், திட்டும். நல்லாத் திட்டும்."

நாடகத்தில் மூன்றே பாத்திரம். பேர் சொல்ல மறுக்கும் பள்ளிக்கூட வாத்தியாராக மாஸ்டர். அவருடைய மனைவியாக ரஞ்சினி ரீச்சர். விசாரணைக் குழுத் தலைவராக நான். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ரஞ்சினி ரீச்சருக்குக் கிழமை நாட்களில் பாண் வெதுப்பகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் சங்கத்தின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை, ஒன்பது வருடமாக. பள்ளிக்கூடம் அவவுடைய உயிர். அந்தக் குளிர்காலம் டுசல்டோர்ஃபில் ஊர்வலம் என்று சங்கம் பிள்ளைகளைக் கேட்டபோது, வெளியே கொட்டும் பனியைக் காட்டி, "பிள்ளையளுக்குக் காய்ச்சல் வரும். நான் அனுப்பேலாது" என்று சொன்னவ. மாமா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மாமா எதையும் அன்றைக்கே சொல்லுகிற ஆள் இல்லை.

ஒத்திகையில் என் தலைவருக்குக் குரல் சரிவரவில்லை. எழுத்துத் தமிழில் கத்தினால் வானொலி மாதிரி இருந்தது. பகிடிக்கு ஒருக்கால் மாமாவின் குரலில் சொல்லிப் பார்த்தேன். மாமா வசனத்துக்கு முன் ஒரு செருமல் செருமுவார். முடிவில் "விளங்குதோ?" என்பார். நடுவிரலால் மேசையில் இரண்டு தட்டு.

"க்ஹ்ம். கூட்டத்துக்கு ஆர் ஆர் வந்தவை? விளங்குதோ?" தட்டு, தட்டு.

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கதிரையோடு பின்னுக்குப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திரும்பச் செய், திரும்பச் செய்" என்றார். ரஞ்சினி ரீச்சர் சிரிக்கவில்லை.

"தம்பி, இஞ்ச செய்தது காணும். மேடையில செய்துபோடாதை. எங்களை உயிரோட திண்டுபோடுவினம்."

"இல்லை ரீச்சர்" என்றேன்.

மே மாதம் மூன்றாம் சனி. நானூறு பேர். திரை விலகியது. மாஸ்டர் இரவல் கோட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். நான் வாயைத் திறந்தேன். திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. நானூறு பேரைக் கண்டதும் தொண்டைக்குள் ஒரு செருமல் வந்தது, அதன் பின்னால் மாமா முழுதாக வந்தார்.

"க்ஹ்ம். கூட்டத்துக்கு ஆர் ஆர் வந்தவை? விளங்குதோ?"

மூன்றாம் வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை எழும்பி நின்று, "அம்மா, பாலா மாமா!" என்றது.

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்தினார்கள், சேலைத் தலைப்பைக் கடித்தார்கள், பின்வரிசையில் ஒருவர் புரைக்கேறி வெளியே ஓடினார். முன்வரிசையில் மாமா புன்னகைத்துக்கொண்டு இருந்தார். மாஸ்டர் முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய வசனம் "சொல்லமாட்டன்." அதைச் சொல்ல அவருக்கு மூன்று தடவை வாயைத் திறக்கவேண்டியிருந்தது. சொன்னதும் மண்டபம் அதிரக் கைதட்டியது. மாமாவும் தட்டினார். ஆறுதலாக, எண்ணி எண்ணி.

புதன்கிழமை மாஸ்டரைச் சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். சங்கம் என்பது ஒரு தமிழ்க் கடையின் பின்னறை. மாமாவிடம் மன்னிப்புக் கேட்க அம்மா என்னையும் அன்றைக்கே அனுப்பியிருந்தா. மாமா என் கன்னத்தைத் தட்டினார். "நீ சின்னப்பெடியன். உனக்குப் பழக்கினவையைத்தான் நான் தேடுறன். வெளியில இரு." அரிசிச் சாக்கின்மேல் இருந்தேன். நடுவில் பலகைத் தட்டிதான், அதுவும் மெல்லிசு.

"இருங்கோ மாஸ்டர். தேத்தண்ணி?"

"வேண்டாம்."

"நாடகம் திறம். அமெரிக்கனுக்கு நல்லாக் குடுத்தியள்." செருமல். "மருமோன்ர நடிப்பும் திறம். ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் பழக்கேல்லை. அவன் எல்லாரைப் போலயும் கதைப்பான். என்னைப் போலயும் கதைப்பான்."

"அவன் என்ர அக்கான்ர பெடியன். தானாச் செய்யமாட்டான். விளங்குதோ?"

"தானாத்தான் செய்தவன்."

"அப்ப அவன்தான் பிழை செய்தவன் எண்டு என்ர முகத்துக்கு நேரே சொல்லுறியளோ?"

மாஸ்டரின் கதிரை கிறீச்சிட்டது.

"சரி, விடுங்கோ. ஒத்திகையில ஆர் ஆர் நிண்டது?"

மாஸ்டர் சிரித்தார். ஒரு மூச்சுத்தான், ஆனாலும் சிரிப்பு. "உது என்ர நாடகத்தில வாற வசனம்."

"அப்ப மறுமொழியும் உங்களுக்குப் பாடமாயிருக்குமே."

"ஆர் நிண்டதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, பாலா."

"தெரியும். பேர் இந்தா எழுதிக் கிடக்கு. நீங்கள் சொல்லவேணும்."

லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. காகிதம் ஒன்று மேசைக்கு வந்தது.

"தங்கச்சியின்ர கடிதம். மார்ச்சில தந்தனீங்கள். கையெழுத்து ஒண்டுதான் மிச்சம். பேனையும் இந்தா."

கடையில் யாரோ முருங்கைக்காய் விலை கேட்டார்கள். கடைக்காரர் சொன்னார். அது விலை கூட என்றார்கள். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் மாஸ்டர் பேசினார்.

"ரஞ்சினி."

"எங்களிட்ட மூண்டு ரஞ்சினி இருக்கு, மாஸ்டர்."

"ரஞ்சினி ரீச்சர்."

"அவ என்ன செய்தவ?"

"சிரிச்சவ."

"சிரிச்சது காணாது. நானூறு பேர் சிரிச்சவை."

"இதையே மேடையில செய்யெண்டு... பெடியனுக்குச் சொல்லிக் குடுத்தவ."

"கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

தட்டு, தட்டு. "பாத்தியளே, மாஸ்டர். ஒண்டும் கஷ்டமில்லை."

அரிசிச் சாக்கிலிருந்து அந்தக் கதவுக்குப் பத்து அடி இருக்கும். நான் எழும்பவில்லை. மாஸ்டர் வெளியே வந்தபோது என்னைப் பார்த்தார். தட்டியையும் பார்த்தார். "ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ரஞ்சினி ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவவின் மேசையில் வேறொரு பை இருந்தது. மாஸ்டரின் பை. சங்கம் அவரைத் தலைமை ஆசிரியராகப் போட்டிருந்தது. மறுத்தால் கையெழுத்து என்ன ஆகுமோ என்று மறுக்கவில்லை. ரீச்சர் பதிவுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "மூண்டாம் வகுப்பில ரெண்டு பிள்ளையளுக்குத் தூரத்துக்குக் கண் தெரியாது. முன்னுக்கு இருத்துங்கோ" என்று மட்டும் சொன்னா.

அதோடு விட்டார்களா? ரீச்சரின் மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள். ஜூலை எட்டாம் திகதிக்குச் சாமத்தியவீடு வைக்க ஏற்கெனவே மண்டபம் பிடித்து, இருநூற்றைம்பது கார்ட் கொடுத்தாயிற்று. ஜூன் முழுக்க ரீச்சரின் தொலைபேசி அடித்தது. எடுத்தவர்களின் வீடுகளில் நின்று நான் கேட்ட குரல்களை அப்படியே தருகிறேன்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ, அண்டைக்கு எங்கட இவருக்கு வேலை."

"பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போல கிடக்கு ரீச்சர்." மூன்று கிழமைக்கு முன்னமே.

கடைசியாக, சாமத்தியவீட்டுக்கு இரண்டு நாள் இருக்க எடுத்த புஷ்பமலர் அக்கா எல்லாரையும் விழுத்தினா. "அண்டைக்கு மட்ச் எல்லோ ரீச்சர்! ஜேர்மனியும் போத்துக்கலும்!"

அந்த மட்ச் மூன்றாம் இடத்துக்கு. இரவு ஒன்பது மணிக்கு. சாமத்தியவீடு பகல் பதினொரு மணிக்கு. பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாத வீடுகளெல்லாம் அன்றைக்குப் பகல் முழுக்கக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு ஜேர்மனிக்காக இருந்தன.

பதினொரு பேர் வந்தார்கள். அதில் வீடியோக்காரரும் அவருடைய லைட் பிடிக்கிற பெடியனும் அடக்கம். நான் போனேன், பின் கதவால். பிள்ளை முழு நகையோடு, ஒரு ஆள் உயரக் கிரீடத்தோடு மேடையில் இருந்தாள். மின்சாரத்தில் விரியும் தாமரை ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அது கொடுத்த காசுக்கு விரிந்து விரிந்து மூடியது. வீடியோக்காரர் வெறும் கதிரைகள் படத்தில் விழாமல் எடுக்கப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அதைக் கைவிட்டு, "அக்கா, குளோஸப்பிலயே எடுக்கட்டோ?" என்று கேட்டார். "எடுங்கோ" என்றா ரீச்சர். அந்த வீடியோ முழுக்க ஒரு பிள்ளையின் முகம்தான். முதல் ஒரு மணி நேரம் வாசலைப் பார்க்கிறது. பிறகு பார்க்கவில்லை.

மாஸ்டர் வரவில்லை. கையெழுத்து இன்னும் விழவில்லை. மாமா ஜூலை கடைசியில்தான் வைத்தார்.

ஓகஸ்ட் பத்தாம் திகதி, வியாழன், நான் மாஸ்டரின் அறையில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கதிரைகள் ஏற்ற ஆள் தேவையென்று கூப்பிட்டிருந்தார். தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை! பாஸ் கையில கிடைச்சிட்டுது. பதினாலாம் திகதி போட்டுக் கிடக்கு. திங்கள் விடிய வெளிக்கிடுறன். ரெண்டு சீலை மட்டும் கொண்டாறன், காணும்தானே?"

"காணும், காணும். றோசம்மா, குடை ஒண்டும் கொண்டு வா."

"கொழும்பில குடை விக்கிறேல்லையோ?" என்று அவ சிரித்தா. கட்டாகிவிட்டது.

மாஸ்டர் கட்டிலில் இருந்து, அமெரிக்கப் புத்தகங்களை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட எழும்பினார். அன்றைக்கு நல்ல சந்தோசம். ஃபிரிட்ஜ் கதை முழுக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, பதினோராம் திகதி, பின்னேரம் சண்டை தொடங்கியது. றோட்டைப் பூட்டினார்கள். திங்கட்கிழமை றோட்டு இல்லை. செவ்வாயும் இல்லை. அந்தத் தொலைபேசி எடுபடவும் இல்லை. இது 2008. இடையில் செஞ்சிலுவை வழியாக நாலு வரிக் கடிதம் ஒன்று வந்தது. பாஸைப் பத்திரமாக வைத்திருக்கிறாவாம். றோட்டுத் திறந்தால் திகதியை மாற்றிக் கொடுப்பினமாம் என்று ஆரோ சொன்னார்களாம்.

மாஸ்டர் இப்போதும் தலைமை ஆசிரியர். கல்யாண வீடுகளில் இப்போதும் "நௌ!" என்று தொடங்குவார். ஒரே மாதிரி வீடு வரும், புல்லு வரும், ஃபிரிட்ஜ் வரும். விசாரணை வராது. அவர் தட்டோடு அந்தப் பக்கம் போனதும் பெடியள் என்னைச் சுற்றி வருவார்கள். "மச்சான், மாஸ்டரை ஒருக்காச் செய்து காட்டு." கழுத்துப்பட்டியை நீவி, மூக்கை உறிஞ்சி, "சொல்லமாட்டன்!" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமாவுக்கும் அது நல்ல விருப்பம்.

போன மாதம், ஆற்றுக்கு மேலால் ஓடும் எங்கள் ஊர்த் தொங்கு ரயிலில் நானும் மாஸ்டரும் வந்துகொண்டிருந்தோம். ஒரு தரிப்பில் ரஞ்சினி ரீச்சர் ஏறினா, வெதுப்பகச் சட்டையோடு, மாவு வாசத்தோடு. எதிர் இருக்கையைத் தவிர வேறு இடம் இல்லை. இருந்தா.

"மாஸ்டர், சுகமோ?"

"ஓம் ரீச்சர். இருக்கிறன்."

"தங்கச்சி?"

"அங்கதான்."

"பாஸ் கிடைச்சதெண்டு கேள்விப்பட்டன்."

"கிடைச்சது. பதினாலாம் திகதிக்கு."

"றோட்டு பதினோராம் திகதி பூட்டினது, என்ன?"

"ஓம்."

ரீச்சர் யன்னலால் கீழே ஆற்றைப் பார்த்தா. ரயில் ஒரு வளைவில் ஆடி நிமிர்ந்தது.

"அப்ப என்ர பேரைச் சும்மாதான் குடுத்தனீங்கள்" என்றா.

கோபமே இல்லை. பாண் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ என்று வாடிக்கையாளருக்குச் சொல்லுகிற குரல். அந்தக் குரலை நான் பிறகு தனிய இருந்து எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

"ஓம் ரீச்சர்" என்றார் மாஸ்டர்.

பார்மன் வந்தது. ரீச்சர் எழும்பி, பையைத் தோளில் போட்டு, இறங்கிப் போனா. மாஸ்டரும் அங்கேதான் இறங்கவேண்டும். கதவு திறந்தே கொஞ்ச நேரம் நின்றது. அவர் எழும்பவில்லை.